இடப்பக்கம் பதிமூன்று

"கையை எடுய்யா! ஃபோட்டோ மேல காபி சொட்டுது பாரு!"

டோனா போட்ட சத்தத்தில் மூன்று பேர் கோப்பையோடு பின்வாங்கினார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் சனிக்கிழமை காலை டோனட் கடை வாசல் என்றால் அப்படித்தான். பழைய ஃபோர்டுகளைப் பிரித்து, பெரிய என்ஜினைப் பூட்டிப் பறக்கவிடுகிற கூட்டம் மொத்தமும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். ஆளுக்கொரு ஆல்பம் வேறு. அதில் பேரன் பேத்தி படம் ஒன்றுகூட இருக்காது, எல்லாம் கார்தான்.

இன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். பெயர் ஹாலிஸ். எண்பது வயதில் ஆரிகனிலிருந்து தனியாக வண்டி ஓட்டி வந்தாராம். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் எல்லோரும் மொய்த்தார்கள். கூரையில்லாத முப்பத்திரண்டு மாடல் ஃபோர்டு. அதன் முன்னால் காலை அகட்டிக்கொண்டு ஒல்லியாக ஒரு பையன்.

"நீங்களா பெரியவரே? நம்பர் பிளேட்டை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்களே!" என்று சிரித்தாள் டோனா.

"அந்த வயசுல புத்தி அவ்வளவுதான்மா" என்ற ஹாலிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அறுபத்திமூணு ஜூலையில, இதே ஊர்ல, ஒரு மில்க்‌ஷேக் கடை வாசல்ல திருடுபோன வண்டி இது. அன்னைலேருந்து எனக்கு நிம்மதியில்ல. எங்க கார்க்காரங்க கூடினாலும் போய்ப் பார்த்துடுவேன். இன்னும் ஆப்புடல."

கூட்டம் 'உச்' கொட்டியது. கார் பறிகொடுத்த வலியை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏதாவது அடையாளம் இருக்கா?"

"பானெட்டுக்குப் பக்கவாட்டுல சூடு போக நீளநீளமா துளை வெட்டியிருக்கும். இடப்பக்கம் பதிமூணு. வலப்பக்கம் பன்னிரண்டுதான்."

டோனா படத்தைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு எண்ணினாள். "பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு... பதிமூணு! யோவ் லைல்! இது உன் வண்டிய்யா!"

அவ்வளவுதான். காபியைப் போட்டது போட்டபடி எல்லோரும் லைலின் பச்சை ஃபோர்டிடம் ஓடினார்கள். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் ஏலம் போடுகிற மாதிரி கத்தி எண்ணினார்கள். இங்கே பதிமூன்று. அங்கே பன்னிரண்டு. விசில் பறந்தது.

அந்தத் துளைக்கணக்கு கிளப்பின் பழைய கேலிதான். "வெட்டினவன் ஒண்ணாங்கிளாஸ் தாண்டலை போல" என்று டோனா வாராவாரம் லைலைச் சீண்டுவாள். "அவசரத்துல எண்ணியிருப்பான் பாவம், விடேன்" என்பார் ஆர்வில். கிளப்பிலேயே மூத்தவர் அவர்தான்.

விசிலடிக்காமல் நின்றவன் லைல் மட்டும்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாதாம் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து வெறும் துருப்பிடித்த கூடாக அதை இழுத்து வந்தான். சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் ஆர்வில் வந்து கூட உட்கார்ந்து வேலை பார்ப்பார். துருவைச் சுரண்டும் முன்பே, "அடியில பச்சை இருக்கும் பாரு" என்றவர் அவர்தான். இருந்தது. பெருசுக்கு என்ன கண்ணுய்யா என்று கிளப்பே மெச்சியது.

"திருட்டு வண்டி எத்தனை கை மாறினாலும் சட்டப்படி சொந்தக்காரங்களுக்குத்தானே..." என்று ஆரம்பித்த டோனா, லைலின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லைல் ஆர்விலைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. லைல் சாவியை எடுத்து ஹாலிஸின் கையில் வைத்தான்.

"உங்க ஊர்ல மழை ஜாஸ்தி. வெளியில மட்டும் நிறுத்திடாதீங்க பெரியவரே."

ஹாலிஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். என்ஜின் ஒரு உறுமல் உறுமியதில் டோனட் கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. கூட்டம் கைதட்டியது. ஹாலிஸ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேவிட்டார். பிறகு என்ஜினை அணைத்து, இறங்கி, சாவியை லைலின் உள்ளங்கையிலேயே வைத்தார்.

"எனக்கெதுக்குப்பா? என் வண்டின்னு நான் சொல்லவே இல்லியே."

"பின்ன?"

"நான்தான் இதைத் திருடினவன். மறுநாள் எடுத்த படம் அது. நாலு நாள் ஓட்டிட்டு, பயத்துல எங்கியோ தோட்டத்துப் பக்கம் விட்டுட்டு ஓடிட்டேன். சொந்தக்காரர் கையைப் பிடிச்சு ஒரு மன்னிப்பு கேக்கணும். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது."

ஆர்வில் மெல்ல நடந்து வந்தார். லைலின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சாவியை அவன் உள்ளங்கைக்குள்ளேயே அழுத்தினார். பிறகு ஹாலிஸின் தோளில் கை போட்டார்.

"அது கிடக்கட்டும் தம்பி. அன்னைக்கு நான் டாங்கில ஒரு கேலன் பெட்ரோல்கூடப் போட்டு வைக்கலியே... எவ்வளவு தூரம் போனே?"