சாட்டைவால்

சுறா தூண்டிலைக் கவ்வியதும் பெர்க்மான்ஸ் நைலான் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். பக்கத்துத் தெப்பத்தில் கிளீட்டஸ் இருந்தான். ஓராள் மட்டும் உட்காரக்கூடிய தெப்பங்கள் இரண்டும். பெர்க்மான்ஸ் கிளீட்டஸின் தங்கையைக் கட்டியவன்.

"கையில சுத்தாத மச்சான்!"

பதிலுக்கு மீன்தான் மேலே எழும்பியது. உடம்பளவுக்கு நீண்ட அதன் வால் சாட்டையாகச் சுழன்று பெர்க்மான்ஸின் துடுப்பை இரண்டாக உடைத்தது. சாட்டைவால் சுறா ஒன்றைப் பிடிக்காமல் ஓய்வதில்லை என்று கரையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தவன் அவன். பயப்படாமல் சிரித்தான்.

பிறகு சுறா ஆழத்துக்கு இறங்கியது. தெப்பத்தின் முன்பக்கம் நீருக்குள் அமிழ, பெர்க்மான்ஸ் அதன்மேல் குப்புற விழுந்தான். தோள்வரை கை தண்ணீருக்குள் போய்விட்டது. கிளீட்டஸ் துடுப்பை வலித்து நெருங்கிக் கத்தியை உருவினான்.

"வெட்டாத! வெட்டினா ஒனக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்ல, சொல்லிட்டேன்!"

அடுத்த இழுப்பில் அவன் முகமும் உள்ளே போனது. குமிழிகள் மட்டும் வந்தன. கிளீட்டஸ் கயிற்றில் கத்தியை வைத்தான்.

தெப்பம் துள்ளி மேலே வந்தது. பெர்க்மான்ஸ் இருமி இருமி உப்புநீரைக் கக்கினான். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

கிளீட்டஸ் கத்தியைத் தொடைக்கு அடியில் தள்ளினான். "அதுவா அறுந்துட்டு."

பெர்க்மான்ஸ் மிச்சக் கயிற்றை இழுத்து, பிசிறில்லாமல் வழவழவென்றிருந்த அதன் நுனியை விரல்களால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு அதை வாயில் வைத்து, தானாக அறுந்ததுபோல இழை இழையாகப் பிய்யும்வரை பற்களால் கடித்தான்.