துணி துவைக்காத வீட்டில் ஒரு தொட்டி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கியாரண்டி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவசரப்படாதீர்கள்.

பசுமலையில் எங்கள் புது வீடு கட்டி முடிகிற நேரம். வாஷிங் மிஷினுக்கென்றே தனியாக ஒரு சின்ன அறை. அதில் மிஷினுக்குப் பக்கத்தில், நின்றபடியே துவைக்கிற மாதிரி இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி வேண்டும் என்றாள் அம்மா.

"மிஷின் எதுக்கு வாங்கினேன்? வேடிக்கை பாக்கவா?" என்றார் அப்பா.

"புதுச் சுங்குடிச் சேலைய மிஷின்ல போட்டா சாயம் இறங்கி உங்க வேட்டியெல்லாம் ரோஸாப் போயிரும். சுங்குடி விக்கிற கடைக்காரருக்கு இதை நான் சொல்லணுமா?"

"தொட்டி கிடையாது. பேச்சை விடு."

எங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் சௌராஷ்டிர பாஷையில்தான் நடக்கும். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

அப்பாவின் வீம்புக்குக் காரணம் இருந்தது. "புது வீட்டுல பத்மாசினி ஒரு துணி துவைக்க மாட்டா" என்று அம்மா பேரைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் ஏற்கெனவே பெருமையடித்திருந்தார்.

அம்மாவுக்கும் ஒரு காரணம் இருந்தது. அது சாயம் இல்லை. அதை அவள் சொல்லவும் மாட்டாள்.

அப்போது நாங்கள் இருந்தது முனிச்சாலைப் பக்கம் ஒரு லைன் வீட்டில். எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே தொட்டி, ஒரே துவைகல். அம்மாவும் அடுத்த வீட்டு மாயக்காள் அத்தையும் துணியை ஊறப்போட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பால்காரர் மாதிரி, வீட்டுக்காரம்மா மாதிரி, எங்கள் கணக்கு டீச்சர் மாதிரி எல்லாம் பேசிக்காட்டுவேன். அம்மா நுரைக்கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மூக்கு நுனியில் சோப்பு ஒட்டியிருக்கும். சமையலறையில் நான் இதே குரல்களை எடுத்தால், "போய்ப் படி" என்பதுதான் பதில்.

மறுநாள் அந்த அறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஒட்டிவிட்டால் அப்புறம் குழாய் இழுக்க முடியாது. தொட்டி போனது போனதுதான். அன்று மத்தியானம் அம்மா பேசாமல் துவைத்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் குரலுக்கும் சிரிக்கவில்லை.

நான் ஒரு ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு நல்லகாமன் அண்ணன் பெட்டிக்கடைக்குப் போனேன். அங்கேதான் காசு போட்டுப் பேசுகிற போன் இருந்தது.

எங்கள் கொத்தனார் மேஸ்திரி மொக்கையன், கீழக்குயில்குடிக்காரர். ஜல்லி கொட்டுகிற மாதிரிக் குரல். பேசும் முன் இரண்டு தடவை கனைப்பார். 'சொல்லப்போனா' இல்லாமல் அவருக்கு வாயே வராது.

அப்பாவின் சுங்குடிக் கடைக்கு நம்பரைப் போட்டேன். அப்பா எடுத்தார். கனைத்தேன்.

"அண்ணே, மேஸ்திரி பேசுறேன்."

அந்தப் பக்கம் ஒரு டம்ளர் 'டொக்'கென்று மேஜையில் இறங்கியது.

"யாரு?"

"மொக்கையன்தாண்ணே. சொல்லப்போனா, அந்த மிஷின் ரூம்பு மூலை மொட்டையா நிக்கிது. ஒரு தொட்டி வச்சா அம்புட்டு அம்சமா இருக்கும். அக்காவும் ஆசப்படுது. நாளைக்கு டைல்ஸ் ஒட்டிட்டா, சொல்லப்போனா, ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே."

யாருக்கோ புரையேறி இருமுகிற சத்தம் கேட்டது. கடையில் கூட்டம் போல.

அப்பா ஏதோ ஞாபகத்தில் எங்கள் பாஷையிலேயே கேட்டார்: "டீ குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சுண்ணே" என்றேன், மேஸ்திரி குரல் கொஞ்சமும் பிசகாமல்.

"சரி மேஸ்திரி. நீங்க இம்புட்டு தூரம் சொல்றீங்க. வச்சுருங்க."

போனை வைத்தேன். நல்லகாமன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, தொண்ட இப்படிக் கட்டியிருக்கு. பனங்கற்கண்டு தரவா?"

மறுநாள் காலை, 'அப்பா சரின்னுட்டாங்க' என்று மேஸ்திரியிடம் சொல்லப் பசுமலைக்குப் பஸ் ஏறினேன். அவர் அந்த மூலைச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"தொட்டிதான பாப்பா? வேலை நடக்குது" என்றார்.

எனக்கிருந்த குஷியில், அவருக்கு யார் சொன்னது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று அப்பா வந்தவர்களை எல்லாம் அந்த அறைக்குக் கூட்டிப்போனார். "நான் வேணாம்னுதான் சொன்னேன். மேஸ்திரி கேக்கல."

காப்பி டம்ளர்களைச் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் அந்தத் தொட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள் அம்மா. பக்கத்தில் மாயக்காள் அத்தை. கூட்டம் கலைந்ததும் நான் விளிம்பில் ஏறி உட்கார்ந்து அந்தப் போன் கதையை ஆரம்பித்தேன். மேஸ்திரியாகவும் பேசினேன், அப்பாவாகவும் பேசினேன். அம்மா நுரைக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கு நுனியில் சோப்பு.

வாசலில் கனைப்பு கேட்டது. இரண்டு தடவை. நான் கனைக்கவில்லை.

அப்பா எடுத்துக் கொடுத்த புது வேட்டியில் மேஸ்திரி நின்றிருந்தார்.

"பாப்பா, டீ குடிச்சாச்சான்னு உங்கப்பா எந்தப் பாஷையில கேட்டாரு?"

"எங்க பாஷையில."

"எனக்கு உங்க பாஷை தெரியுமா?"

தொட்டி விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கினேன்.

"தொட்டி வைக்கச் சொல்லத்தான் உங்கப்பா அன்னிக்கு என்னையக் கடைக்கு வரச் சொல்லியிருந்தாரு. எதுருல உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, 'வீம்பாப் பேசிட்டேன் மேஸ்திரி, இனி வீட்டுல எப்படி மாத்திச் சொல்றது'ன்னு கேட்டாரு. நானும் யோசிச்சேன். சொல்லப்போனா..."

தொட்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அதுக்குள்ள நானே போன்ல வந்துட்டேன்."