லீவர் இல்லாத கியர்

“திருத்துறைப்பூண்டியிலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் கியர் லீவரே இல்லாம பைக் ஓட்டிட்டு வந்தேன். நாலு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சுங்க” என்றார் வைரக்கண்ணு, மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்.

காபித் தட்டோடு நின்ற அறிவுமதி அப்பாவை முறைத்தாள். அப்பா அளந்துவிட்டதைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்துவேறு இருந்தது.

“லீவர் இல்லாம கியர் எப்படிங்க விழும்?” என்று வெடுக்கென்று கேட்டார் பையனின் அப்பா நெடுமாறன்.

“போல்ட்டை இறுக்காமயே ஓட்டினேனா, பல்லெல்லாம் தேஞ்சு லீவர் எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு. அப்ப லிப்ட் கேட்டு ஒருத்தர் ஏறினார். நான் கிளட்சைப் பிடிக்க, அவர் பின்னாலேர்ந்து குனிஞ்சு என் குறட்டால கியர் தண்டைத் திருப்பிக்கிட்டே வந்தார். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். முகம்கூடப் பாத்துக்கல.”

“நல்ல கதை. கிளம்பு செவ்வந்தி” என்று நெடுமாறன் இடுப்பைப் பிடித்தபடி எழுந்தார்.

அறிவுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் மனைவி செவ்வந்தி எழவில்லை. “இது என்னிக்கு நடந்துச்சுங்கண்ணே?”

“ஆடிப்பெருக்கன்னிக்கு.”

செவ்வந்தி கணவர் பக்கம் திரும்பினாள். “அன்னிக்குத்தானே உங்களுக்கு இடுப்பு பிடிச்சுது? டாக்டர் பைக்லயே ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே, ஏறினீங்களான்னு கேட்டதுக்கு, தோட்டத்துல குனிஞ்சு களை பறிச்சேன்னீங்களே?”

நெடுமாறன் மெல்ல உட்கார்ந்து காபியை எடுத்துக்கொண்டார்.

“குனிஞ்சது நிஜம்தான். தோட்டத்துல இல்ல” என்றார். “முதல்ல அந்த லீவரை மாத்துங்க, சம்பந்தி.”