அரைஞாண்

குளிப்பாட்டக் கிடத்தியிருந்த சுடலைராஜின் உடம்பைவிட்டு நிமிர்ந்த அவனுடைய சித்தப்பா, வாசலில் நின்ற அவன் மனைவியிடம் கேட்டார்: “ஏம்மா மாலினி, தூக்குறதுக்கு முன்னாடி அரைஞாண் கயித்த அறுக்கணும்லா. இடுப்புல காணோமே?”



உடம்பை அளந்து பேசும் கருவி பொதிந்த அந்தக் கயிற்றை, அவனைப் போன்ற பேருந்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பணிமனையே கட்டிவிட்டிருந்தது. தொப்பை விழும்போதே, வரப்போகிற சர்க்கரையையும் மாரடைப்பையும் அது சொல்லிவிடும். இடுப்புச் சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டினால் வண்டியைத் தொட விடமாட்டார்கள். சுடலைராஜுக்குக் கையும் காலும் குச்சிதான். வயிறுதான் அடங்கவில்லை.

“ஒரு மாசத்துல கொறச்சிருதேன். அதுவரைக்கும் நீ கட்டிக்கோ” என்று பொங்கல் முடிந்த கையோடு கெஞ்சினான். ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டால் செத்துவிடுவான் போலிருந்தது அவன் முகம். அவளும் கட்டிக்கொண்டாள். அடுத்த பொங்கலும் வந்து போய்விட்டது.

இப்போது அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சேலையை நெகிழ்த்தி முடிச்சில் கை வைத்தாள். அவிழ்ப்பதற்குள், தினமும் காலையில் சொல்வதை அது கனிவாகச் சொன்னது:

“வணக்கம் சுடலைராஜ். இன்றைக்கும் நன்றாக இருக்கிறீர்கள்.”