வெர்னா உயிரோடுதான் இருக்கிறாள்

“நீங்க நூறு தடவை வந்தாலும் அதேதான் சார். கம்ப்யூட்டர்ல உங்க மனைவி உயிரோட இல்லை,” என்றாள் ஜோலின்.

“கம்ப்யூட்டரை விடும்மா. இந்தக் கடுதாசியைப் படி.” டெல்மர் ஹாக் ஒரு உறையைக் கவுண்டரில் வைத்தார். “ஆஸ்பத்திரிக்காரன் ஒருவழியா எழுதிக் குடுத்துட்டான். தப்பு தங்களோடதுதானாம்.”

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் லைமா ஊரில் மருத்துவச் சாமான் விற்கும் கடை அது. ஜோலினுக்கு அங்கே பில் பிரிவில் வேலை. டெல்மரின் மனைவி வெர்னாவுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குழாயைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் சளி அடைத்து மூச்சு நின்றுவிடும். பிரஷ், கையுறை, பஞ்சுத்துணி, கழுத்துப் பட்டை எல்லாம் அடங்கிய கிட், நாளொன்றுக்கு ஒன்று வீதம் தர இன்ஷூரன்ஸில் இடமுண்டு.

ஆனால் வெர்னாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆஸ்பத்திரியில் ஒரு புண்ணியவான் ‘வீட்டுக்குப் போனார்’ என்பதற்கான எண்ணுக்குப் பதிலாக ‘இறந்தார்’ என்பதற்கான எண்ணைத் தட்டிவிட்டான். மார்ச் நாலாம் தேதி. அன்றிலிருந்து ஜோலின் அனுப்பிய பில் ஒவ்வொன்றும் ‘நோயாளி இறந்த பிறகு வாங்கிய பொருள்’ என்று சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. ஏப்ரலில் முதலாளி சாமான் தருவதையே நிறுத்திவிட்டார்.

ஜோலின் கடிதத்தைப் படித்தாள். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. உடனே இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போட்டார்கள்.

“உட்காருங்க சார். வீட்டுல அவங்களை யார் பார்த்துக்கறா?”

“டேட்டன்லேர்ந்து அவ தங்கச்சி வந்திருக்கா. சர்ச் ஆளுங்களும் இருக்காங்க.”

அவர் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் கோட்டும் டையும் போட்டு வந்திருந்தார். கோட்டு போட்டால் மதிப்பார்கள் என்று நினைத்திருக்கிறார் பாவம், என்று ஜோலினுக்கு மனசு சங்கடப்பட்டது.

“கிட் இல்லாம எப்படி சமாளிச்சீங்க?”

“ஒரே பிரஷ்ஷைக் கொதிக்க வச்சுக் கொதிக்க வச்சுப் போட்டேன். பஞ்சுத்துணிக்குப் பழைய தலையணை உறை. நூல் பிரிஞ்சு உள்ளே போயிடுமோன்னு ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பேன்.” லேசாகச் சிரித்தார். “இன்ஷூரன்ஸ்காரன் எனக்கு அனுதாபக் கார்டு அனுப்பினான், தெரியுமா? வெர்னாதான் பிரிச்சா. படிச்சுட்டு பலகையில எழுதிக் காட்டினா, ‘கஞ்சப் பய, பூவாவது அனுப்பியிருக்கலாம்’னு.”

ஜோலினால் சிரிக்க முடியவில்லை. பின்னறையில் கிட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ரெண்டைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? வேலை போய்விடும் என்று அப்போது பயந்துவிட்டாள். அந்தப் பயம் இப்போது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

பாட்டு நின்றது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. ஜோலின் விவரம் சொன்னாள், கடிதத்தை அனுப்பினாள்.

“கடிதம் வந்துருச்சு. ஆனா பதிவை மாத்தணும்னா அவங்களே லைன்ல வந்து பேரும் பிறந்த தேதியும் சொல்லணும்,” என்றது குரல்.

“அவளால போனுக்கு வர முடியாது,” என்றார் டெல்மர்.

“விதி அப்படித்தான் சார்.”

ஜோலினுக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ன பில்லுக்காகக் கூப்பிடறேன்னு பாத்தியாம்மா? தொண்டையில ஓட்டை போட்டிருக்கு! எதால பேசுவாங்க? உன் மேலதிகாரியைக் கூப்பிடு. இன்னிக்கு இதை முடிக்காம நான் போனை வைக்கிறதா இல்ல.”

மறுபடி பாட்டு. மேலதிகாரி வந்தார். அவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். நாற்பது நிமிஷம் ஓடியது. டெல்மர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“சரி, மார்ச் நாலுங்கற இறப்புத் தேதியை நீக்கிட்டேன்,” என்றார் மேலதிகாரி கடைசியில். “உறுப்பினர் உயிரோட இருக்காங்கன்னு பதிவாகிடுச்சு.”

ஜோலின் போனை வைத்துவிட்டு மேஜையைத் தட்டினாள். “ஜெயிச்சுட்டோம் சார்!”

“அதை ஒரு காகிதத்துல எடுத்துத் தர முடியுமாம்மா?”

எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெர்னாவின் பெயருக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்தார். ஒருமுறைக்கு இருமுறை படித்தார். அதற்குள் ஜோலின் பின்னறைக்கு ஓடி, முப்பது கிட் கொண்ட பெட்டியைத் தூக்கி வந்து கவுண்டரில் வைத்தாள்.

“முதலாளி கிடக்கட்டும். இதை இப்பவே எடுத்துட்டுப் போங்க.”

டெல்மர் பெட்டியை அவள் பக்கமே மெல்லத் தள்ளினார்.

“வேற யாருக்காவது குடும்மா. நேத்து சாயங்காலம் மூச்சடைச்சு வெர்னா போயிட்டா. இத்தனை நாளும் அவ என்கூடத்தான் இருந்தான்னு எங்கயாவது எழுதியிருக்கணும்ல, அதுக்குத்தான் வந்தேன். இப்ப மறுபடி போன் போட்டு, நேத்துத் தேதியைப் போடச் சொல்லு.”