ஹோட்டல் சோயா

“என்னண்ணா, இன்னிக்கும் தனிக்குடித்தனமா?”

கேஷியர் அக்கா குரலை உயர்த்தினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. மதியச் சாப்பாட்டு நேரம். மூன்று பேருடைய டப்பாவையும் மேஜை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொள்வது அங்கே பன்னிரண்டு வருஷ வழக்கம். இந்த வாரம் லென்ஸ் மாட்டுகிறவர் மட்டும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் டப்பாவை மட்டும் காலி செய்துகொண்டிருந்தார்.

“கொஞ்ச நாளைக்கும்மா.”

“ரத்தத்துல கொழுப்பு ஏறிடுச்சு, இனிமே கறி, முட்டை, பால் எதுவும் கிடையாதுன்னு போன மாசம் வந்து நின்னீங்களே. அன்னிக்கு உங்களுக்குன்னு சோயா வறுத்து எடுத்துட்டு வந்தது யாரு?”

“நீதாம்மா.”

“என் கையால சாப்பிட்டு இதுவரைக்கும் யாருக்காவது ஒண்ணு ஆகியிருக்கா?”

“ஆனதே இல்ல” என்றார் அவர், முழுக்கைச் சட்டையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டபடி.

“அப்புறம் என்ன? ரத்தத்துல இருந்த கொழுப்பு இப்ப தலைக்கு ஏறிடுச்சா?”

அவர் சிரித்து மழுப்பினார். அக்காவுக்குத் தன் சமையல் மேல் இருந்த நம்பிக்கை, முதலாளிக்குத் தன் கடை மேல்கூட இருந்ததில்லை. அதனால்தான் அவளுக்கு இவ்வளவு வலித்தது.

கண் பரிசோதிக்கிற பெண் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். “சாப்பிட்டு முடிச்சதும் ஒரு நோட்டுல என்னமோ எழுதறார்க்கா. நம்மளைப் பத்தித்தான் இருக்கும்.”

கடை முன்பக்கம் யாரோ ஸ்க்ரூ கழன்ற கண்ணாடியோடு கூப்பிட, அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நோட்டு அங்கேயே கிடந்தது.

அடுத்தவர் நோட்டைத் தொடக் கூடாது என்பது அக்காவுக்கும் தெரியும். பிரித்துவிட்டாள்.

முதல் பக்கத்தில், ‘தோல் டாக்டரிடம் காட்ட’ என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் அவருடைய குண்டுக் கையெழுத்து.

‘திங்கள். புதிதாகச் சாப்பிட்டது: சோயா வறுவல். எங்கே: ஹோட்டல். முழங்கை வரை தடிப்பு, அரிப்பு.’

‘வியாழன். சோயாக் குழம்பு. ஹோட்டல். கழுத்திலும் தடிப்பு. தூக்கம் இல்லை.’

கீழே டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘சோயா ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பரிசோதனை முடியும்வரை தொடாதீர்கள். வீட்டுச் சாப்பாடு மட்டும். அந்த ஹோட்டல் பக்கமே போக வேண்டாம்.’

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். திங்களும் வியாழனும் சோயா போனது அவள் டப்பாவிலிருந்து. அந்த மனுஷன் ஹோட்டல் படி ஏறியே வருஷக்கணக்காகிறது.

“என்னக்கா எழுதியிருக்கார்?” என்றாள் பரிசோதிக்கிற பெண்.

“நம்மளைப் பத்தி ஒரு வார்த்தை இல்லடி.”

அவர் திரும்பி வந்தபோது, நாற்காலி பழைய இடத்தில் இருந்தது. அவர் டப்பாவும் மேஜைக்கு வந்திருந்தது.

“உங்க டப்பாவையே சாப்பிடுங்கண்ணா, ஆனா இங்க உட்காந்து சாப்பிடுங்க” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அந்த ஹோட்டலை இன்னியோட இழுத்து மூடியாச்சு.”