நாற்பத்தோராம் எண் வீடு

கன்னிவாடிப் பக்கத்து ஊர் ஒன்றின் பழைய கணக்கெடுப்பு நோட்டுகளை, பல்கலைக்கழக ஆவண அறையில் உட்கார்ந்து அறிவுச்செல்வி கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். 1968-இல் நாற்பத்தோராம் எண் வீட்டில் சிவனம்மாள் என்றொரு சிறுமி, வயது ஒன்பது. 1987-இலும் அவளுக்கு ஒன்பதுதான். 2006-இலும் அதே ஒன்பது. வீடு வீடாகப் போகச் சொன்னால், கணக்கெடுக்க அனுப்பிய மாணவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பழைய நோட்டைப் பார்த்து எழுதி வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருத்தாமல் விடுவதில்லை என்று மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். அறிவுச்செல்வியின் கையிலிருந்த நோட்டைக் கண்டதும் எழுந்தாள்.

"ஆளு கணக்கு எழுதத்தானே வந்துருக்கீங்க? இம்புட்டு வருசமா ஒருத்தரையும் காணோமே!" என்றவள் உள்ளே திரும்பி, "ஏடி சிவனம்மா, வந்துட்டாங்கடி!" என்று குரல் கொடுத்தாள்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி வந்த மூணு பேருட்டயும் சொன்னேன்க்கா, கேக்கவே இல்ல. நீங்களாச்சும் பத்துன்னு போடுங்க."